டிரிகர் எப்போது எழும், எப்போது நிறைவேறும்? மேஜிக் கார்டு விளையாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்தில் மேஜிக்: தி கேதரிங் விளையாடுகிறவர்கள் அதிகம் இல்லை. இருக்கிறவர்களுக்கு இந்த விளையாட்டின் மீது பிடிப்பு அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில் பாம்பன் பக்கத்துப் பையன்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள்; மேசையில் கூட்டம் கூடும், கேள்விகளும் கூடும். அந்தக் கேள்விகளில் பெரும்பகுதி டிரிகர் எனப்படும், ஏதாவது நடந்தால் தானாக எழும் தூண்டல் திறன்களைப் பற்றியவை. அதனால் அவற்றுக்கு மட்டும் இந்தப் பக்கம். ஒவ்வொரு டிரிகருக்கும் மூன்று கணங்கள் உண்டு: எழும் கணம், அடுக்கில் (போட்ட மந்திரங்களும் எழுந்த திறன்களும் நிறைவேறக் காத்திருக்கும் வரிசையில்) ஏறும் கணம், நிறைவேறும் கணம். மேசையில் நான் பார்க்கும் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருகின்றன.

ஒரு கார்டில் இருப்பது டிரிகர்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாக்கியம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 'வென்', 'வெனெவர்', 'அட்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களில் ஒன்றோடு தொடங்கினால் அது டிரிகர். நடுவில் முக்காற்புள்ளி இருந்து, அதற்கு முன்னால் ஏதாவது விலை எழுதியிருந்தால் அது நீங்களாக இயக்கும் திறன், டிரிகர் அல்ல. 'இன்ஸ்டெட்' என்ற சொல் வந்தால் அது ஒரு நிகழ்வுக்குப் பதிலாக வேறொன்றை நடத்தும் விளைவு. அது அடுக்கில் ஏறாது, அதற்கு யாரும் பதில் மந்திரம் போடவும் முடியாது.

சில டிரிகர்கள் ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் கார்டில் உள்ள 'பிரவெஸ்' அப்படிப்பட்டது. அந்தச் சொல்லுக்குள் 'கிரீச்சர் அல்லாத மந்திரம் ஒன்றை நீங்கள் போடும்போதெல்லாம்' என்ற முழு வாக்கியமும் அடங்கியிருக்கிறது. கிரீச்சர் என்பது களத்தில் நின்று சண்டையிடும் உயிரினக் கார்டு.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கீழக்கரையில் பலருடைய கார்டுகள் வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன்மார், மாமாமார் பெட்டியில் வந்தவை. பழையதும் புதியதும் கலந்திருக்கும். 2009க்கு முந்தைய கார்டில் 'கம்ஸ் இன்டு பிளே' என்று இருக்கும். அதற்குப் பிறகு 'எண்டர்ஸ் தி பேட்டில்ஃபீல்ட்' ஆனது. 2024இல் வெளிவந்த புளூம்பரோ தொகுப்பிலிருந்து வெறும் 'எண்டர்ஸ்' என்று அச்சிடுகிறார்கள். மூன்றும் களத்துக்குள் வருவதையே சொல்கின்றன. நேரத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

நிபந்தனை நிறைவேறியவுடனே டிரிகர் நடந்துவிடாதா?

நடக்காது. எழும், அவ்வளவுதான். எழுந்த டிரிகர் காத்திருக்கும். ஆட்டக்காரர் ஒருவருக்கு அடுத்து முன்னுரிமை கிடைக்கவேண்டிய கணம் எப்போது வருகிறதோ, அப்போதுதான் அடுக்கில் ஏறும். முன்னுரிமை என்றால் மந்திரம் போடவோ திறனை இயக்கவோ ஒருவருக்கு உள்ள உரிமை. அடுக்கில் ஏறிய பிறகு, இருவரும் ஒன்றும் செய்யாமல் விட்டால்தான் மேலே இருப்பது நிறைவேறும்.

மேஜிக் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய விளையாட்டு. ஆனால் இன்று நாம் ஆடும் அடுக்கு முறை 1999இல் ஆறாம் பதிப்போடு வந்தது. மீன்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே கடைசியாக வைத்த பெட்டியைத்தான் முதலில் இறக்க முடியும். இதுவும் அப்படித்தான்: கடைசியாக ஏறியது முதலில் நிறைவேறும்.

யங் பைரோமான்சரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டன்ட் அல்லது சோர்சரி (களத்தில் தங்காமல் ஒரே முறை பலன் தரும் இரண்டு வகை) மந்திரம் ஒன்றை நீங்கள் போடும்போதெல்லாம் அது ஒரு 1/1 டோக்கனை, அதாவது தாக்கும் வலு 1, தாங்கும் வலு 1 உள்ள, கட்டில் இல்லாத ஒரு கிரீச்சரைத் தரும். நீங்கள் 3 சேதம் தரும் லைட்னிங் போல்ட் போடுகிறீர்கள். போல்ட் அடுக்கில் ஏறிவிட்டது. போட்டு முடிந்த பிறகு டிரிகர் அதன் மேல் ஏறுகிறது. ஆகவே போல்ட் யாரையும் சுடுவதற்கு முன்பே டோக்கன் களத்தில் நிற்கும். எதிராளி அந்த போல்ட்டை ரத்து செய்துவிட்டாலும் டோக்கன் உங்களுக்கு உண்டு. ஏனென்றால் கார்டு கேட்டது மந்திரத்தைப் போடுவதைத்தான், அது நிறைவேறுவதை அல்ல. 'மந்திரமே ரத்தாகிவிட்டதே, டோக்கன் எப்படி?' என்று எதிரில் இருப்பவர் கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

ஒரு மந்திரம் நிறைவேறிக்கொண்டிருக்கும்போது நடுவில் டிரிகர் எழுந்தால் என்ன செய்வது?

மந்திரத்தை முழுவதும் முடியுங்கள். நடுவில் எதுவும் நுழையாது.

சைக்கோசிஸ் கிராலர் உங்கள் களத்தில் இருக்கிறது. நீங்கள் கார்டு எடுக்கும்போதெல்லாம் எதிராளிகள் ஒவ்வொருவரும் 1 உயிர்ப்புள்ளி இழப்பார்கள். டிவினேஷன் போட்டு இரண்டு கார்டு எடுக்கிறீர்கள். முதல் கார்டை எடுத்தவுடன் ஒரு டிரிகர் எழுகிறது, இரண்டாவதை எடுத்தவுடன் இன்னொன்று. இரண்டும் காத்திருக்கின்றன. டிவினேஷன் முடிந்து கல்லறைக்கு (தீர்ந்த கார்டுகள் சேரும் குவியலுக்கு)ப் போன பிறகு இரண்டும் அடுக்கில் ஏறும், ஒவ்வொன்றாக நிறைவேறும். முதல் கார்டுக்கும் இரண்டாவது கார்டுக்கும் நடுவில் யாரும் கை நீட்ட முடியாது.

என் உயிர்ப்புள்ளி சுழியத்துக்குப் போகும் அதே நேரத்தில் எனக்குப் புள்ளி தரும் டிரிகர் எழுகிறது. நான் பிழைப்பேனா?

பிழைக்க மாட்டீர்கள். கேட்பவருக்கு வலிக்கும் பதில் இது. ஆனால் விதியின் ஒழுங்கு புரிந்தால் ஏற்றுக்கொள்ள முடியும்.

முன்னுரிமை யாருக்காவது கிடைப்பதற்கு முன், ஆட்டம் தானாகவே ஒரு நிலைச் சோதனை செய்கிறது. சுழியம் அல்லது அதற்குக் கீழே உயிர்ப்புள்ளி உள்ளவர் தோற்கிறார். தாங்கும் வலு அளவுக்குச் சேதம் வாங்கிய கிரீச்சர் அழிகிறது. இப்படி ஏதாவது நடந்தால் சோதனை மறுபடியும் நடக்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் காத்திருக்கும் டிரிகர்கள் அடுக்கில் ஏறுகின்றன. அவை ஏறிய பிறகு இன்னொரு சோதனை. எல்லாம் அமைதியான பிறகே முன்னுரிமை.

உங்களிடம் 2 புள்ளிதான் இருக்கிறது, களத்தில் பிளட் ஆர்ட்டிஸ்ட் நிற்கிறது. அதுவோ வேறொரு கிரீச்சரோ சாகும்போதெல்லாம், நீங்கள் குறிவைக்கும் ஆட்டக்காரர் 1 புள்ளி இழப்பார், உங்களுக்கு 1 கூடும். எதிராளி இரண்டு கிரீச்சர்களால் தாக்குகிறார். ஒன்றை வேறொரு கிரீச்சரால் தடுக்கிறீர்கள், அது சாகும் அளவு அடி வாங்குகிறது. தடுக்காத மற்றது உங்களுக்கு 2 சேதம் தருகிறது. சேதம் எல்லாம் ஒரே கணத்தில் விழுகிறது. நிலைச் சோதனையில் உங்கள் கிரீச்சர் சாவதும் நீங்கள் தோற்பதும் ஒன்றாகவே நடக்கின்றன. பிளட் ஆர்ட்டிஸ்டின் டிரிகர் அடுக்கில் ஏறும் நேரம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. எதிராளிக்கு 1 புள்ளிதான் மிச்சம் என்றாலும் முடிவு மாறாது.

இதே இடத்தில் தடுத்த கிரீச்சருக்கு லைஃப்லிங்க் இருந்திருந்தால் கதை வேறு. லைஃப்லிங்க் என்பது கிரீச்சர் தரும் சேதத்தின் அளவுக்கு உங்களுக்குப் புள்ளி கூட்டும் திறன்; அது டிரிகர் அல்ல. சேதம் விழுவதன் பகுதியாகவே புள்ளி கூடிவிடுகிறது. அந்தக் கிரீச்சர் 3 சேதம் தந்திருந்தால், சோதனை நடக்கும்போது உங்களிடம் 3 புள்ளி இருக்கும். 2009க்கு முன்னால் லைஃப்லிங்கும் டிரிகராகத்தான் இருந்தது. பழைய விதியில் பழகியவர்கள் இன்னும் பிடிவாதமாக வாதிடுவதற்கு அது காரணம்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் டிரிகர் எழுந்தால் யாருடையது முதலில்?

யாருடைய முறை நடக்கிறதோ அவருடைய டிரிகர்கள் முதலில் அடுக்கில் ஏறும். மற்றவருடையவை அதன் மேல் ஏறும். மேலே இருப்பது முதலில் நிறைவேறும் என்பதால், முறை நடத்தாதவருடைய டிரிகர்தான் முதலில் பலன் தரும். 'என் முறை, அதனால் எனக்குத்தான் முதல் பலன்' என்று நினைப்பது இயல்பு. விதி அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

தங்கச்சிமடத்து அண்ணன் தம்பி இருவருக்குள் இப்படி ஒரு ஆட்டம் வந்ததாக வைத்துக்கொள்வோம். இருவரிடமும் பிளட் ஆர்ட்டிஸ்ட். இருவருக்கும் தலா 1 புள்ளிதான் மிச்சம். அண்ணன் தன் முறையில் ராத் ஆஃப் காட் போட்டு எல்லாக் கிரீச்சர்களையும் அழிக்கிறார். இரண்டு பிளட் ஆர்ட்டிஸ்டும் ஒரே கணத்தில் சாகின்றன. ஒவ்வொன்றும் தன் சாவையும் மற்றதன் சாவையும் பார்க்கிறது. ஆகவே ஆளுக்கு இரண்டு டிரிகர். அண்ணனுடைய இரண்டும் அடியில், தம்பியுடைய இரண்டும் மேலே. தம்பியின் முதல் டிரிகர் நிறைவேறுகிறது, அண்ணன் சுழியத்துக்குப் போகிறார், நிலைச் சோதனையில் தோற்கிறார். அண்ணன் செய்திருக்க வேண்டியது, ராத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வழி தேடுவது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அது தெரிந்திருக்கும். அதனால்தான் நேர வரிசையை வெறும் சட்ட நுணுக்கம் என்று ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்கிறேன். ஆட்டத்தின் உத்தியே அதில்தான் இருக்கிறது.

நான்கு பேர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட வகையிலும் இதே ஒழுங்குதான். முறை நடத்துகிறவரில் தொடங்கி, முறை சுற்றும் வரிசைப்படி ஒவ்வொருவரும் தம் டிரிகர்களை ஏற்றுவார்கள். கடைசியாக ஏற்றியவருடையது முதலில் நிறைவேறும்.

எனக்கே இரண்டு டிரிகர் சேர்ந்து எழுந்தால் வரிசையை நானே வைக்கலாமா?

தாராளமாக. இந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மல்டிரிஃப்டர் ஐந்து மானா கார்டு; மானா என்பது கார்டைப் போடக் கட்டும் விலை. களத்துக்கு வந்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். 'இவோக்' முறையில் மூன்று மானாவுக்கும் போடலாம். ஆனால் களத்துக்கு வந்தவுடன் அதைப் பலிகொடுக்க வேண்டும். கார்டு எடுப்பது ஒரு டிரிகர், பலிகொடுப்பது இன்னொரு டிரிகர். இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றன. பலியை அடியிலும் கார்டு எடுப்பதை மேலேயும் வையுங்கள். இரண்டு கார்டு கைக்கு வரும். பலி இன்னும் அடுக்கில் காத்திருக்கிறது. இப்போது எஃபெமரேட் கையில் இருந்தால், சற்றுமுன் எடுத்த இரண்டில் ஒன்றாகவே அது இருந்தாலும், மல்டிரிஃப்டர் மீது போடுங்கள். அது களத்தை விட்டுப் போய் உடனே திரும்பி வரும். விதியின் பார்வையில் திரும்பி வந்தது புதிய கிரீச்சர். அதனால் இன்னும் இரண்டு கார்டு உண்டு. அடியில் காத்திருந்த பலி டிரிகர் தேடும் பழைய மல்டிரிஃப்டர் இப்போது இல்லை. புதியது களத்தில் நிலைத்து நிற்கும்.

வரிசையை மாற்றி, பலியை மேலே வைத்திருந்தால்? கையில் முன்பே எஃபெமரேட் இருந்தால் அப்போதும் தப்பிக்கலாம். ஆனால் அது கட்டின் மேலே இரண்டாவது கார்டாக இருந்திருந்தால், அதை எடுப்பதற்குள் மல்டிரிஃப்டர் கல்லறையில் இருக்கும்.

டிரிகர் அடுக்கில் இருக்கும்போது அதைத் தந்த கிரீச்சரைக் கொன்றுவிட்டேன். டிரிகரும் போய்விடும் அல்லவா?

போகாது. அடுக்கில் ஏறிய திறன் தன் மூலத்தைச் சார்ந்து நிற்பதில்லை. அதைத் தடுக்க, திறனையே ரத்து செய்யும் கார்டு வேண்டும்; ஸ்டைஃபிள் அப்படிப்பட்டது.

ஒப்லிவியன் ரிங் வந்தவுடனே அதை அழித்தால் என் கார்டு நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. டிரிகர் நேரத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார்டு எனக்குத் தெரியாது.

2007இல் லார்வின் தொகுப்பில் வந்த இந்தக் கார்டில் தனித்தனியாக இரண்டு டிரிகர்கள். களத்துக்கு வரும்போது நிலம் அல்லாத வேறொரு கார்டை ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கும். களத்தை விட்டுப் போகும்போது ஒதுக்கிய கார்டைத் திருப்பித் தரும்.

எதிராளி ரிங்கைப் போட்டு உங்கள் கிரீச்சரைக் குறிவைக்கிறார். முதல் டிரிகர் அடுக்கில் இருக்கிறது, இன்னும் நிறைவேறவில்லை. நீங்கள் அவசரப்பட்டு அந்தக் கணமே ரிங்கை அழிக்கிறீர்கள். ரிங் களத்தை விட்டுப் போவதால் இரண்டாவது டிரிகர் எழுந்து முதலாவதன் மேல் ஏறுகிறது. அது முதலில் நிறைவேறுகிறது. திருப்பித் தர ஒன்றுமே இல்லை. பிறகு முதல் டிரிகர் நிறைவேறி உங்கள் கிரீச்சரை ஒதுக்குகிறது. அதைத் திருப்பித் தர இனி எந்த டிரிகரும் வராது. கொஞ்சம் பொறுத்து, முதல் டிரிகர் நிறைவேறிய பிறகு ரிங்கை அழித்திருந்தால் கிரீச்சர் திரும்பியிருக்கும்.

ரிங்கை வைத்திருப்பவரே இதைத் தந்திரமாகச் செய்யலாம். முதல் டிரிகர் அடுக்கில் இருக்கும்போது தன் ரிங்கைத் தானே பலிகொடுத்தால் எதிராளியின் கார்டு நிரந்தரமாகப் போகும்.

2014இல் வந்த பேனிஷிங் லைட் பார்ப்பதற்கு அதே கார்டு போலத் தெரியும். ஆனால் அதில் ஒரே டிரிகர்தான். 'பேனிஷிங் லைட் களத்தை விட்டுப் போகும் வரை ஒதுக்கு' என்று எழுதியிருக்கிறது. டிரிகர் நிறைவேறுவதற்குள் அது களத்தை விட்டுப் போயிருந்தால் எதுவுமே ஒதுக்கப்படாது. ஆகவே பேனிஷிங் லைட்டை உடனே அழிப்பது லாபம், ஒப்லிவியன் ரிங்கை உடனே அழிப்பது நஷ்டம். 'ரெண்டும் ஒன்றுதான்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டிரிகர் வாக்கியத்தின் நடுவில் 'இஃப்' வந்தால் அதற்குத் தனிப் பொருள் உண்டா?

உண்டு. 'அட்' அல்லது 'வென்' பகுதி முடிந்தவுடனே 'இஃப்' வந்தால் அந்த நிபந்தனை இரண்டு முறை சோதிக்கப்படும். எழும் கணத்தில் ஒரு முறை. அப்போது பொய்யானால் டிரிகர் எழவே எழாது. நிறைவேறும் கணத்தில் இன்னொரு முறை. அப்போது பொய்யானால் ஒன்றும் நடக்காது.

ஃபெலிடார் சாவரின் சொல்வது: உங்கள் அப்கீப் (முறையில் கார்டு எடுப்பதற்கு முன் வரும் கட்டம்) தொடங்கும்போது, 40 அல்லது அதற்கு மேல் உயிர்ப்புள்ளி இருந்தால், நீங்கள் வெல்கிறீர்கள். அப்கீப் தொடங்கும் கணத்தில் 39 இருந்து, பிறகு ஒரு மந்திரம் போட்டு 42 ஆக்கிப் பயனில்லை. டிரிகர் எழும் கணம் போய்விட்டது. அதற்கு முந்தைய, திருப்பிய கார்டுகளை நிமிர்த்தும் அன்டாப் கட்டத்தில் யாருக்கும் முன்னுரிமை கிடையாது. ஆகவே புள்ளியை எதிராளியின் முறை முடிவதற்குள் கூட்டியிருக்க வேண்டும். மறுபக்கம், 41 புள்ளியோடு டிரிகர் எழுந்துவிட்டாலும் எதிராளி பதிலுக்கு லைட்னிங் போல்ட் அடித்து 38 ஆக்கினால் வெற்றி நழுவிவிடும். கமாண்டரில் எல்லோரும் 40 புள்ளியோடு தொடங்குவதால் இந்தக் கார்டைக் கண்டால் மேசை முழுவதும் விழித்துக்கொள்ளும், விழித்துக்கொள்ளவும் வேண்டும்.

இலக்கை எப்போது சொல்ல வேண்டும்? விருப்பம் இருந்தால் செய்யலாம் என்ற முடிவை எப்போது எடுக்க வேண்டும்?

இலக்கு, டிரிகர் அடுக்கில் ஏறும்போது. 'மே' என்று சொல்லும் விருப்பம், நிறைவேறும்போது. சரியான இலக்கு எதுவுமே இல்லை என்றால் அந்த டிரிகர் அடுக்கில் நிற்காது.

ரிஸ்டிக் ஸ்டடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிராளி மந்திரம் போடும்போது அதன் டிரிகர் மந்திரத்துக்கு மேல் ஏறும். 1 மானா கட்டுவதா இல்லையா என்று அவர் முடிவெடுப்பது டிரிகர் நிறைவேறும்போது. கட்டவில்லை என்றால் நீங்கள் கார்டு எடுக்கலாம். அந்தக் கார்டு கைக்கு வரும்போது அவருடைய மந்திரம் இன்னும் அடியில் காத்திருக்கிறது. நீங்கள் எடுத்தது ரத்து செய்யும் மந்திரமாக இருந்தால் அதே மந்திரத்தின் மீது போடலாம்.

சேர்ந்து வரும் கிரீச்சர்களும் சேர்ந்து சாகும் கிரீச்சர்களும் ஒன்றையொன்று பார்க்குமா?

பார்க்கும். சேர்ந்து களத்துக்கு வந்தால், சோல் வார்டன் தன்னோடு வந்த ஒவ்வொரு கிரீச்சருக்கும் 1 புள்ளி தரும். சாகும்போது விதி, சாவதற்கு முந்தைய கணத்தைத் திரும்பிப் பார்க்கிறது; ராத் ஆஃப் காட் எடுத்துக்காட்டில் கண்டது அதுதான். டோக்கன் செத்தாலும் செத்ததுதான். அது கல்லறைக்குப் போய்விட்டுத்தான் மறைகிறது.

ஆனால் களத்தில் ரெஸ்ட் இன் பீஸ் இருந்தால் கல்லறைக்குப் போகவேண்டியவை 'பதிலாக' ஒதுக்கப்படுகின்றன. அப்போது எதுவும் சாவதாகவே கணக்கில்லை. சாவு டிரிகர் எழாது.

'அடுத்த எண்ட் ஸ்டெப் தொடங்கும்போது' என்று சொல்லும் டிரிகர், எண்ட் ஸ்டெப்புக்குள்ளேயே உருவானால்?

எண்ட் ஸ்டெப் என்பது முறை முடியும் தறுவாயில் வரும் கட்டம். அந்த டிரிகர் அடுத்த முறையின் எண்ட் ஸ்டெப் வரை காத்திருக்கும். தொடங்கும் கணம் ஒரே ஒரு முறைதான் வரும். அதற்குப் பிறகு உருவான டிரிகர் அதைப் பிடிக்க முடியாது.

ஸ்னீக் அட்டாக் வைத்திருப்பவர்கள் இதை அழகாகப் பயன்படுத்துவார்கள். அது கையிலுள்ள கிரீச்சரைக் களத்தில் இறக்கும். அடுத்த எண்ட் ஸ்டெப் தொடங்கும்போது பலிகொடுக்கச் சொல்லும். எதிராளியின் எண்ட் ஸ்டெப் தொடங்கிய பிறகு அதை இயக்கினால், இறக்கிய கிரீச்சர் உங்கள் முறை முழுவதும் உங்களிடம் இருக்கும். எதிரில் இருப்பவர் 'இந்த முறையே சாகவேண்டுமே' என்று முறையிடுவார். விதி உங்கள் பக்கம்.

அன்டாப் கட்டத்திலோ, முறையின் இறுதியில் வரும் கிளீனப் கட்டத்திலோ டிரிகர் எழுந்தால்?

அன்டாப்பில் எழுந்தது அப்கீப்பில் அடுக்கில் ஏறும். கிளீனப்பில் வழக்கமாக முன்னுரிமை கிடையாது. ஆனால் டிரிகர் எழுந்துவிட்டால் அது அடுக்கில் ஏறும், முன்னுரிமை கிடைக்கும், எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு கிளீனப் கட்டம் நடக்கும்.

யூ-கி-ஓ விளையாடி வந்தவன் நான். அங்கே 'டைமிங் தவறிவிட்டது' என்று ஒரு விதி உண்டு. இங்கேயும் அப்படியா?

இங்கே இல்லை. யூ-கி-ஓவில் 'வென்' என்று தொடங்கி, செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று விடும் விளைவு, அந்த நிகழ்வு கடைசியாக நடந்ததாக இருந்தால்தான் கிடைக்கும். ஓர் அசுரனைப் பலிகொடுத்து இன்னொன்றை இறக்கினால் கடைசி நிகழ்வு இறக்கியது. பலியான அசுரனின் 'வென்' விளைவு நழுவிவிடும். 'இஃப்' என்று எழுதியிருந்தால் நழுவாது.

மேஜிக்கில் நிபந்தனை நடந்துவிட்டால் டிரிகர் எழுந்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை நிகழ்வுகள் வந்தாலும் அது காத்திருந்து அடுக்கில் ஏறும். உச்சிப்புளியிலிருந்து வரும் பையன்கள் சிலர் யூ-கி-ஓவிலிருந்து இங்கே வந்தவர்கள். தங்களுக்குச் சேரவேண்டிய டிரிகரைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். விடாதீர்கள்.

மானா தரும் டிரிகருக்கும் அடுக்கு உண்டா?

கிடையாது. யூட்டோப்பியா ஸ்ப்ரால் ஒட்டிய, காடு என்ற நிலக் கார்டை மானாவுக்காகத் திருப்பினால் கூடுதல் மானா அந்தக் கணமே கிடைக்கும். யாரும் பதில் போட முடியாது.

டிரிகரை மறந்துவிட்டேன். பிறகு நினைவு வந்தால் செய்யலாமா?

எங்கே ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பரிசுக்கான பெரிய போட்டிகளில் உங்கள் டிரிகரை நினைவில் வைப்பது உங்கள் பொறுப்பு. எதிராளி நினைவூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. தாமதமாகக் கவனித்தால், அதை அடுக்கில் ஏற்றலாமா வேண்டாமா என்பதை வழக்கமாக எதிராளி முடிவு செய்வார். அதிக நேரம் கடந்திருந்தால் அதுவும் கிடையாது. உங்களுக்குக் கெடுதல் செய்யும் டிரிகரை விட்டுவிட்டால் எச்சரிக்கையும் வரலாம். இன்னொருவருடைய டிரிகரைப் பார்த்தும் சும்மா இருக்கலாம்; ஆனால் உங்களுடையதை நீங்களே வேண்டுமென்று மறைப்பது ஏமாற்று, அதற்குத் தண்டனை கடுமை.

நம் ஊர் மேசைகளில் நான் சொல்வது வேறு: ஒருவருக்கொருவர் நினைவூட்டுங்கள். கற்றுக்கொள்ளும் பையனிடம் மறதியால் ஜெயித்து யாருக்கும் ஆட்டம் வளராது. போட்டிக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போகப்போகிறவர்கள் மட்டும், போவதற்குச் சில வாரம் முன்பிருந்து கடுமையான விதியில் ஆடிப் பழகுங்கள்.

மறதிக்கு எளிய வழி, கட்டின் மேல் ஒரு சோழி வைப்பது. அப்கீப் டிரிகர் உள்ள கார்டு களத்துக்கு வந்தவுடன் வைத்துவிடுங்கள்; கார்டு எடுக்கக் கை போகும்போது சோழி தடுக்கும், டிரிகர் நினைவுக்கு வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் ஆடும்போது கார்டு பறக்காமலும் இருக்கும். காத்திருக்கும் டிரிகர் ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கார்டின் மேல் ஒரு பகடையை வைத்து, ஏறும் வரிசையைப் பகடை எண்ணால் காட்டலாம். மூன்றுக்கு மேல் டிரிகர்கள் சேர்ந்து எழுந்தால் இதைச் செய்யாமல் தொடர வேண்டாம்.

கணினியில் அரீனா ஆடிப் பழகியவர்களுக்கு டிரிகர்களை அந்த நிரலே எழுப்பி அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. அவர்கள் மேசைக்கு வந்தால் முதலில் தடுமாறுவார்கள். எழுந்த டிரிகரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் தடுமாற்றம் போய்விடும்: கார்டின் பெயர், என்ன நடந்தது, இலக்கு யார். மூன்றையும் சொல்லிவிட்டு, 'பதில் உண்டா?' என்று எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்ன பிறகு நிறைவேற்றுங்கள்.

மேசையில் கார்டில் அச்சிட்டிருப்பது ஒன்று, இணையத்தில் இருப்பது வேறு. எது செல்லும்?

இணையத்தில் வெளியீட்டாளரின் அதிகாரபூர்வ கார்டுத் தளத்தில் இருப்பதுதான் செல்லும். பழைய கார்டுகளின் வாசகத்தை அவர்கள் புதிய விதிக்கு ஏற்ப மாற்றி அங்கே வைத்திருக்கிறார்கள். முழு விதிப்புத்தகத்தில் டிரிகர்கள் 603ஆம் பிரிவில் இருக்கின்றன, நிலைச் சோதனை 704இல், முன்னுரிமை 117இல். வாக்குவாதம் முற்றினால் கார்டையும் 603ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விதியை யார் உரக்கச் சொன்னார் என்பது மேசையில் தீர்ப்பாகக் கூடாது. பத்தாம் வகுப்புப் பையன் சரியான வரியைக் காட்டினால் மூத்தவர் ஒப்புக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும்.